ஆயிரம் பீடிக்கு என்ன கூலி?



மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார்கள். "விடுதிச் சாப்பாடு, மரத்தடி அரட்டை, ஆண்டு விழா நாடகம், இதெல்லாம் எழுத ஆள் நிறைய இருக்கு அண்ணாச்சி. நீங்க எக்கனாமிக்ஸ் ஆளு. ஏதாவது வரலாறா எழுதுங்க" என்றார்கள். எனக்கும் அதுதான் வசதி. ஆகவே நாம் எல்லோரும் அறிந்த, ஆனால் எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்காத ஒரு வரலாற்றை எழுதுகிறேன். நம்மில் பலருக்கு ஃபீஸ் கட்டிய காசின் வரலாறு அது.

முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், மேலப்பாளையம் என்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கை தூக்கச் சொன்னால் நம் மண்டபத்தில் எத்தனை கைகள் உயரும்! அந்த வீடுகளில் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுத்தாத அம்மாவோ அக்காவோ மதினியோ உண்டா? பெண் பார்க்கப் போன இடத்தில் "சமைக்கத் தெரியுமா?" என்பதற்கு முன்னால் "பீடி சுத்தத் தெரியுமா?" என்று கேட்ட காலம் அது. என் அம்மாவும் சுத்தினாள். செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் விளக்கு வெளிச்சத்திலும் சுத்தினாள்.

அந்தக் கூலியை யார் நிர்ணயித்தார்கள்? கடைக்காரரா, கம்பெனியா, சர்க்காரா? சர்க்கார் நிர்ணயித்ததால் நல்லது நடந்ததா, கெட்டது நடந்ததா? இதுதான் என் கேள்வி.

கரும்பலகையில் இரண்டு கோடுகள்

இரண்டாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் ஒரு தேவைக் கோடும் ஒரு அளிப்புக் கோடும் போட்டு, மேலே குறுக்காக இன்னொரு கோடு இழுத்தார். "இது குறைந்தபட்சக் கூலி. சந்தைக் கூலிக்கு மேலே வைத்தால் முதலாளி ஆளைக் குறைப்பான். இவ்வளவு பேருக்கு வேலை போகும்" என்று இடைவெளியைச் சாக்பீசால் நிரப்பினார். கடைசி பெஞ்சிலிருந்த முக்கூடல் நண்பன் எழுந்து, "சார், எங்க ஊர்ல கூலி கூடியிருக்கு. ஆனா வேலை குறையலையே, வீட்டுக்குள்ளல்லா வந்திருக்கு!" என்றான். வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "உட்காருப்பா, அது பெரிய விஷயம்" என்றார்.

பெரிய விஷயம்தான். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1946-ல் எழுதிய கட்டுரை அந்தக் கரும்பலகைப் படத்தின் பக்கம் நின்றது. வறுமையை ஒழிக்கக் குறைந்தபட்சக் கூலி நல்ல கருவி அல்ல என்பது அவர் வாதம். ஆனால் அதற்கும் முன்பே, 1933-ல், இங்கிலாந்தின் ஜோன் ராபின்சன் வேறொரு வாசலைத் திறந்து வைத்திருந்தார். ஒரு வட்டாரத்தில் வேலை கொடுப்பவர் ஒருவரோ இருவரோதான் என்றால், அவர்கள் வைத்ததே கூலி. அந்த இடத்தில் சட்டம் கூலியை ஓரளவு உயர்த்தினால் வேலை குறைய வேண்டிய அவசியமில்லை.

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரு பக்கத்திலும் மொத்தம் 410 துரித உணவுக் கடைகளைக் கணக்கெடுத்து, நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை என்று 1994-ல் எழுதினார்கள். எதிர்ப்பு பலமாக வந்தது. அதே விஷயத்தை வேறு புள்ளிவிவரத்தால் பார்த்து மறுத்தவர்களும் உண்டு. ஆனாலும் இத்தகைய ஆய்வுமுறைக்காக கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குரூகர் 2019-லேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவும் ஹோட்டல் கடையைப் பற்றிய வாதம். ஹோட்டலைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. சாப்பிடுகிறவன் இருக்கிற இடத்தில்தான் கடை இருக்க வேண்டும். பீடி அப்படியா? இலையும் தூளும் நூலும் ஒரு கூடைக்குள் அடக்கம். அதை எங்கே வேண்டுமானாலும் இறக்கி வைக்கலாம்.

கொல்லைப்புறத்துச் சங்கிலிப் பெண்கள்

வீட்டுவேலைக்குக் கூலி நிர்ணயித்த பழைய கதை ஒன்று உண்டு. 1894-ல் நியூசிலாந்திலும் 1896-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் கூலியைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்கள். பிரிட்டன் 1909-ல் தொழில் வாரியச் சட்டம் கொண்டுவந்தது. முதலில் எடுத்துக்கொண்ட தொழில்கள் நான்கே: ஆயத்த ஆடை, காகிதப் பெட்டி, லேஸ் வேலை, சங்கிலி செய்தல். நாலும் வயிற்றுக்குப் போதாத கூலித் தொழில்கள்.

பர்மிங்காம் பக்கத்தில் கிராட்லி ஹீத் என்று ஒரு ஊர். அங்கே பெண்கள் வீட்டுக் கொல்லையில் சிறு உலை வைத்துச் சங்கிலி அடித்தார்கள். இரும்புக் கம்பி இடைத்தரகரிடமிருந்து வரும். சங்கிலி திரும்பிப் போகும். நம்ம ஊர்ப் பீடிக்கடை மாதிரியேதான்! 1910-ல் வாரியம் மணிக்கு இரண்டரை பென்னி என்று நிர்ணயித்தது. பலருக்கு அது ஏறக்குறைய இரட்டிப்புக் கூலி. முதலாளிகள் என்ன செய்தார்கள்? புதிய கூலி ஆறு மாதம் வேண்டாம் என்று தொழிலாளியே எழுதிக் கொடுத்தால் தள்ளிப்போடலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. படிக்கத் தெரியாத பெண்களிடம் அந்தக் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

மேரி மெக்கார்தர் என்ற தொழிற்சங்கத் தலைவியின் வழிகாட்டலில் பெண்கள் உலையை அணைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். 1910 ஆகஸ்ட்டில் தொடங்கி அக்டோபர் வரை சுமார் பத்து வாரம். கடைசி முதலாளியும் கையெழுத்திட்ட பிறகுதான் போராட்டம் முடிந்தது. பிறகு ஆர்.எச். டானி என்ற வரலாற்று அறிஞர் அங்கே போய் விசாரித்து 1914-ல் ஒரு நூல் வெளியிட்டார். கூலி உயர்ந்தது, தொழில் அழிந்துவிடவில்லை என்பது அவர் கண்டது.

இதிலிருந்து "சட்டம் போட்டால் போதும், எல்லாம் நடக்கும்" என்று முடிவுகட்டினால் தப்பு. அதே சட்டம், சங்கம் இல்லாத ஊரில் ஒரு காகிதம்தான்.

எதிர்க் கதையும் சொல்லாமல் விடக்கூடாது. அமெரிக்கா 1938-ல் நாடு முழுவதற்கும் மணிக்கு 25 சென்ட் என்று வைத்தது. அதே 25 சென்ட் தன் ஆட்சியிலிருந்த போர்ட்டோ ரிக்கோ தீவுக்கும் பொருந்தும் என்றது. அங்கே வீடுகளில் துணியில் ஊசிவேலை செய்த பெண்களின் கூலி அதற்கு வெகு கீழே. விளைவு, ஊசிவேலைத் தொழில் ஆட்டம் கண்டது, வேலை போயிற்று. 1940-ல் சட்டத்தைத் திருத்தி, தீவுக்குத் தனிக் குழுக்கள் தொழிலுக்கேற்ப நிர்ணயிக்கலாம் என்று மாற்றினார்கள். ஆக, கரும்பலகையில் சார் போட்ட கோடு பொய்யல்ல. எவ்வளவு உயரத்தில் போடுகிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

நம் நாட்டுக் கதை

இந்தியாவில் பீடிக் கூடங்களின் அவலம் வெள்ளைக்காரன் காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. விட்லி ஆணையம் என்று அழைக்கப்பட்ட தொழிலாளர் ராயல் கமிஷன் 1931-ல் தந்த அறிக்கையில், சென்னை மாகாணப் பீடிக் கூடங்களில் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் அடமானமாக வேலை செய்ததைக் காணலாம். 1933-ல் குழந்தை உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சுதந்திரம் வந்த ஏழே மாதத்தில், 1948 மார்ச்சில், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்துவிட்டது. நம்மவர்கள் இதை மறக்கக்கூடாது. அரசியலமைப்பு முடிவாவதற்கு முன்பே இந்தச் சட்டம் வந்தது! அதன் அட்டவணையில் அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, கல் உடைத்தல், தோல் பதனிடுதல், விவசாயம் இவற்றோடு பீடியும் இருந்தது. பேரம் பேசச் சக்தியில்லாத தொழில்களாகத் தேடி எடுத்துச் சேர்த்தார்கள். அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கூலியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

எவ்வளவு கூலி என்பதற்கு 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்குக் கொடுத்தது. ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு, அலகு ஒன்றுக்கு 2,700 கலோரி உணவு, நாலு பேருக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் விளக்கு முதலியவற்றுக்கு 20 சதவீதம். பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் முதலியவற்றுக்கு இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. அதாவது, நம் ஃபீஸ் கூலிக் கணக்கில் ஏறவே 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

"எங்களால் கொடுக்க முடியாது" என்ற வாதமும் நீதிமன்றம் போயிற்று. கேரளத்து ஓட்டுத் தொழிற்சாலைகள் தொடுத்த வழக்கில் 1961-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. குறைந்தபட்சக் கூலி என்று வந்துவிட்டால் முதலாளியின் சக்தி பற்றிய பேச்சுக்கு இடமில்லை. அந்தக் கூலிகூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்க உரிமை இல்லை. 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-வது பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பே என்று இன்னும் ஒரு படி மேலே போனது.

தீர்ப்பு எல்லாம் சரி. தரையில் என்ன நடந்தது?

சட்டம் துரத்த, கூடை ஓட

முதலில் சில மாநிலங்கள் தனித்தனியே முயன்றன. சென்னை மாநிலம் 1958-ல் பீடித் தொழிலகங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் போட்டது. கேரளம் 1961-ல் போட்டது. கூடம் என்றால் காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டும், நேரக் கணக்கு வேண்டும். முதலாளி பார்த்தான்: கூடம் இருந்தால்தானே சட்டம்? பெரிய கூடத்தைப் பத்துத் துண்டாக்கினான். பிறகு அந்தத் துண்டையும் விட்டு, இலையையும் தூளையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினான். சட்டம் இல்லாத பக்கத்து மாநிலத்துக்கும் போனான்.

இது என் ஊகம் அல்ல. 1966-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பீடி சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தின் நோக்கவுரையே இதைச் சொல்கிறது. தொழிற்சாலைச் சட்டத்திலிருந்து தப்ப நிறுவனங்களைச் சிறு துண்டுகளாக்குகிறார்கள்; தொழில் எளிதில் இடம் மாறக்கூடியது; கட்டுப்பாடு இல்லாத இடத்துக்குப் போய்விடுகிறது; ஆகவே நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டில் இருந்து சுத்துகிறவரும் தொழிலாளியே என்று இந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. கூலியை 1948 சட்டம் பார்த்துக்கொள்ளும். விடுமுறை, பிரசவச் சலுகை முதலியவற்றை இது கவனித்தது.

கேரளம் இதை உடனே நடைமுறைப்படுத்த முனைந்தது. கண்ணூர் பக்கத்தில் பீடி சுத்தியவர்களில் பலர் கூடத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள், சங்கம் கண்டவர்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே சுத்துவார்கள். படித்தவருக்கு உண்டான கூலியை மற்றவர் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 1968 அக்டோபரில் மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் அங்கிருந்த தன் கூடங்களை மூடியது. சுமார் 12,000 பேர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள்.

நண்பர்களே, சார் போட்ட அந்த இடைவெளி இதுதானே! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாட்டில் பீடி பிடிக்கிறவன் ஒருவனும் அன்றைக்கு நிறுத்தவில்லை. பீடியின் தேவை குறையவில்லை. பீடி சுத்துகிற வேலையும் குறையவில்லை. கண்ணூரில் மறைந்த வேலை, சட்டம் இன்னும் எட்டாத வேறு இடத்து வீட்டுத் திண்ணைகளுக்குப் போனது. சட்டம் எல்லா மாநிலத்திலும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்திருந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கே போயிருப்பார்கள்? 1974-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் ஆறு வருஷம் ஓடிவிட்டது. கூலிக்காரன் வயிறு ஆறு வருஷம் காத்திருக்குமா?

கண்ணூர்க்காரர்கள் காத்திருக்கவில்லை. 1969 பிப்ரவரி 15-ல் கேரள தினேஷ் பீடி கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அரசு பங்கு முதலுக்குக் கடன் கொடுத்தது. ஜி.கே. பணிக்கர் என்ற அதிகாரி தலைமை ஏற்றார். சட்டக் கூலி, விடுமுறைச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, பிரசவச் சலுகை எல்லாம் கொடுத்துக்கொண்டே தொழில் நடத்த முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். நல்ல நாளில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை செய்தார்கள். இடைத்தரகர் லாபம் இல்லை; சரக்கில் தரம் இருந்தது; வாங்குகிறவனும் "நம்ம பீடி" என்று வாங்கினான். 1990-களில் இளைஞர்கள் பீடியை விட்டார்கள், மலிவுச் சரக்கும் சின்ன சிகரெட்டும் போட்டிக்கு வந்தன, சங்கம் சுருங்கிற்று. பிறகு குடை, தேங்காய்ப்பால், ஆயத்த ஆடை என்று தொழில் மாறிற்று. வீழ்ச்சியும் உண்மைதான். ஆனால் சட்டக் கூலி கொடுத்ததால் முதல் நாளே விழுந்துவிடவில்லை. கால் நூற்றாண்டு நின்றது.

பீடி மட்டும் அல்ல. கொல்லத்து முந்திரித் தொழிற்சாலைகள் கேரளக் கூலி உயர உயர, எல்லை தாண்டி நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்ததை மார்த்தாண்டம் பக்கத்து நண்பர்கள் சொல்லக் கேட்கலாம். அங்கே போன வேலை இங்கே வந்தது. அங்கே அழுதார்கள், இங்கே குறைந்த கூலிக்கும் "வேலை வந்ததே" என்று சந்தோஷப்பட்டார்கள். யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

நம் வீட்டுத் திண்ணையில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். நெல்லைச் சீமையில் பீடி பெரும்பாலும் வீட்டில், பெண்கள் கையில் வந்து சேர்ந்தது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று அடிப்படைக் கூலி, விலைவாசிப் புள்ளிக்கு ஏற்பப் பஞ்சப்படி, இப்படி அரசு அறிவிக்கும். காகிதத்தில் குறை சொல்ல முடியாது. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். கணக்கு சுலபம்.

ஆனால் கூலி காகிதத்திலா இருக்கிறது? கடையில் எடை போட்டுத் தருகிற இலையில் இருக்கிறது. இலை ஓட்டையும் காய்ந்ததுமாக இருந்தால் ஆயிரம் பீடிக்குப் பற்றாது. பற்றாததைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். கொண்டுபோன கட்டில் "இது சரியில்லை" என்று ஒதுக்கினால் கழிவு. ஒரு கணக்குக்காக, ஆயிரத்துக்குச் சட்டக் கூலி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு இரண்டு கட்டு, 5 ரூபாய் போச்சு. இலை வாங்கியது 10 ரூபாய். கையில் 85. எந்த அதிகாரி வந்து பார்த்தாலும் புத்தகத்தில் 100 என்றுதான் இருக்கும். அறிவித்த கூலியை ஒரு பைசா குறைக்காமலே குறைக்கலாம் என்பதை என் அம்மா, சித்தி எல்லோரும் எந்தப் பொருளாதாரமும் படிக்காமல் அறிந்திருந்தார்கள்.

பாஸ்புத்தகம் இன்னொரு கதை. எங்கள் தெருவில் ஒரு கடையில் மூன்று பெண்கள் சுத்துவார்கள், புத்தகம் ஒன்றில்தான் ஏறும். மற்ற இரண்டு பேரும் கணக்கில் கிடையாது. கணக்கில் இல்லாதவருக்கு வைப்பு நிதி இல்லை, அடையாள அட்டை இல்லை. 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதி வந்தது. நம்மில் சிலர் வாங்கிய கல்வி உதவித்தொகை, முக்கூடல் மருத்துவமனை எல்லாம் அந்த வகையில் வந்தவை. அந்த வரி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கப்பட்டது. எந்தச் சலுகைக்கும் வாசல் அந்த அட்டைதான். அட்டை இல்லாத வீட்டுப் பிள்ளை நம்மோடு அதே பெஞ்சில் இருந்தும் உதவித்தொகை வாங்கவில்லை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. வீட்டில் சுத்துகிறவர் எங்கள் தொழிலாளியே அல்ல, அவர் வேலையை நாங்கள் மேற்பார்ப்பதில்லை என்று உற்பத்தியாளர்கள் வைப்பு நிதி வழக்கில் வாதிட்டார்கள். 1985-ல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கேட்டாற்போல் பதில் சொன்னது: தரமில்லை என்று பீடியை ஒதுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதே, அதுவே மேற்பார்வைதான், ஆகவே அவர் உங்கள் தொழிலாளிதான். எந்தக் கழிவைச் சொல்லிக் கூலியைக் குறைத்தார்களோ அதே கழிவு நம் தாய்மாருக்குத் தொழிலாளி என்ற பட்டத்தை வாங்கித் தந்தது!

அப்படியானால் நிர்ணயித்த கூலியால் பயனே இல்லையா? இருந்தது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஒரு எண் ஊரறிய இருந்ததால்தான், "சர்க்கார் சொன்னது இவ்வளவு, நீ கொடுக்கிறது இவ்வளவு" என்று கடை வாசலில் நின்று ஒரு பெண் கேட்க முடிந்தது. சங்கத்துக்குக் கொடி பிடிக்க ஒரு எண் கிடைத்தது. வாரக் கடைசியில் அவள் கையில் வந்த காசு அவள் காசாக இருந்தது. அதுதான் பல வீட்டில் ஃபீஸாக மாறிற்று. கூலி அரைகுறையாக வந்தும் இவ்வளவு நடந்திருக்கிறது. முழுசாக வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

என் முடிவு

குறைந்தபட்சக் கூலி வேலையை அழிக்கும் என்பாரும், ஏழ்மையை ஒழிக்கும் என்பாரும் இரண்டு பக்கம் நின்று பேசுகிறார்கள். பீடியின் வரலாறு எனக்குச் சொல்வது வேறு. கூலியை உயர்த்தினால் வேலை முதலில் அழிவதில்லை, ஒளிந்துகொள்கிறது. கூடத்திலிருந்து வீட்டுக்கும், சட்டம் உள்ள மாநிலத்திலிருந்து இல்லாத மாநிலத்துக்கும், புத்தகத்தில் பெயர் உள்ளவரிடமிருந்து இல்லாதவரிடமும் போய் ஒளிகிறது. ஆகவே நல்ல விளைவு வர மூன்று வேண்டும். வேலை எவ்வளவு தூரம் ஓடுமோ அவ்வளவு தூரம் சட்டமும் ஓட வேண்டும். கூலி எட்டாத உயரத்திலும் இல்லாமல், வயிறு நிறையாத பள்ளத்திலும் இல்லாமல் வைக்கப்பட வேண்டும். கடை வாசலில் நின்று எண்ணிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், சங்கமோ அதிகாரியோ யாராவது.

முதல் தேவையை நாடு மெதுவாகத்தான் உணர்ந்தது. 1996-ல் தேசிய அடித்தளக் கூலி என்று நாளுக்கு 35 ரூபாய் அறிவித்தார்கள். 2017-ல் அது 176 ரூபாய் ஆனது. ஆனால் அதற்குச் சட்ட பலம் கிடையாது, மாநிலங்களுக்கு ஒரு யோசனைதான். 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு, மத்திய அரசு வைக்கும் அடித்தளக் கூலிக்குக் கீழே எந்த மாநிலமும் போகக்கூடாது என்றது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1948 சட்டம் அதற்குள் அடங்கிவிட்டது. சட்டத்தின் கை நீண்டிருக்கிறது. எண்ணிப் பார்க்கிற ஆள்தான் இன்னும் வேண்டும்.

பீடி உடம்புக்குக் கேடு. பிடிக்கிறவனுக்கும் கேடு, நாள் முழுக்கத் தூளை மூச்சில் வாங்கிக்கொண்டு சுத்துகிறவளுக்கும் கேடு. அந்தத் தொழில் சுருங்கினால் நான் வருந்தமாட்டேன். ஆனால் அதன் இடத்தில் வருகிற வேலை எதுவாக இருந்தாலும் கேள்வி அதேதான். தம்பிமார்களே, கைபேசிச் செயலியில் ஆர்டர் பிடித்து வண்டி ஓட்டும் உங்கள் நண்பனுக்கும் ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அவனைத் தொழிலாளி இல்லை, பங்காளி என்கிறார்கள். ஆர்டரை ரத்து செய்கிற உரிமை, நட்சத்திரம் குறைக்கிற உரிமை எல்லாம் யார் கையில் இருக்கின்றன? 1985 தீர்ப்பை ஒருதரம் படித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய பாஸ்புத்தகங்கள் நம் வீட்டுப் பரண்களில், டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. எந்த வருஷம் ஆயிரத்துக்கு என்ன கூலி, வாரத்துக்கு எத்தனை கட்டு, கழிவு எத்தனை என்று நம் தாய்மார் உழைப்பின் முழு வரலாறும் அதில் இருக்கிறது. கரையான் தின்னுமுன் அவற்றைக் கொண்டுவந்து நம் கல்லூரி நூலகத்தில் சேர்ப்போம். பொருளாதாரத் துறை மாணவர்கள் அவற்றை வரிசைப்படுத்தி ஆய்வு செய்யட்டும். நானும் எங்கள் வீட்டுப் புத்தகம் இரண்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். சந்திப்பு நாளன்று கொண்டு வருகிறேன். நீங்களும் வெறுங்கையோடு வராதீர்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் புகழ்!

– பி.ஏ. பொருளாதாரம், 1979–82 அணி மாணவர்